கீழே மேல்காற்று, மேலே கீழ்க்காற்று

கடந்த ஜூலையில் அம்மாவை அழைத்துக்கொண்டு, போர்ட் பிளேரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்வந்தேன். 2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள் என்றாலும், தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் அது இன்றும் போர்ட் பிளேர்தான். அம்மாவின் வயதுக்காரர்களுக்கு வெறும் அந்தமான்தான். அம்மாவுக்கு இதுவே முதல் விமானப் பயணம். அக்காவின் இரண்டு பிரசவங்களுக்கும் அவர் கப்பலில் போனவர். துறைமுகத்தில் வின்ச் டிரைவராக இருந்த அப்பா, இரண்டு முறையும் அவரைக் கப்பலேற்றிவிட்டு அங்கிருந்தே வேலைக்குப் போனாராம். இரண்டரை நாளுக்குக் குறையாத அந்தப் பயணத்தை அம்மா எத்தனையோ முறை விவரித்திருக்கிறார்.

அப்பாவின் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தை இப்போது அம்மாதான் கட்டிக்கொள்கிறார். பட்டை பெரிது என்பதால் அது எப்போதும் மணிக்கட்டின் உட்பக்கமாகத் திரும்பிக் கிடக்கும்; மணி பார்க்க வேண்டுமென்றால் உள்ளங்கையை மலர்த்தித்தான் பார்ப்பார். மீனம்பாக்கத்தில் விமானம் மெல்ல நகரத் தொடங்கியதும் அவர் கையை மலர்த்தி, "ஏழு பதினொண்ணு, எழுதிக்கோ" என்றார். போர்டிங் பாஸின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். சக்கரம் தரையை விட்டபோது ஒருமுறை, தரையைத் தொட்டபோது ஒருமுறை, ஓரிடத்தில் நின்றபோது ஒருமுறை எனப் போகும்போது நான்கு எண்கள், இரண்டு வாரம் கழித்துத் திரும்பும்போது நான்கு எண்கள். அந்த இரண்டு துண்டுச் சீட்டுகளும் இப்போது என் மேசையில் இருக்கின்றன.

போகும்போது காலை 7.26க்குத் தரையை விட்டு எழுந்த விமானம் 9.25க்குத் தரையைத் தொட்டது. அதாவது வானத்தில் இருந்த நேரம் 1 மணி 59 நிமிடம். திரும்பும்போது 8.37க்கு எழுந்து 10.22க்குத் தொட்டது, 1 மணி 45 நிமிடம். இரண்டுக்கும் இடையே 14 நிமிட வித்தியாசம். வீட்டுக்கு வந்து கால் கழுவிய கையோடு அம்மா கேட்ட கேள்வி இதுதான்: "அதே வானம், அதே கடலு. போறதுக்கு ஒரு கணக்கு, வர்றதுக்கு ஒரு கணக்காடா?"

கேள்வி மிகவும் நியாயமானது என்று எனக்குப் பட்டது. இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று செல்பேசியில் தேடினால் இரண்டும் ஒரே வரியில், ஒன்றிலிருந்து மற்றொன்று தானாகவே கிடைத்துவிடும் என்பது போலத் தரப்படுகின்றன. பெரும்பாலும் நேர்கோட்டுத் தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் போன்ற ஒரு மாறாத வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் கூட்டிச் சொல்லும் கணக்குத்தான் அது. அப்படிக் கணக்கிட்டால் போவதற்கும் வருவதற்கும் ஒரே விடைதான் வர முடியும். தூரம் பூமியைச் சேர்ந்தது, அது மாறாது. நேரமோ காற்றையும் ஓடுபாதையையும் சேர்ந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

முதலில் தூரம். இதைக் கணக்கிட இணையமே வேண்டாம். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் போதும். சென்னை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 12.99 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 80.17 பாகையிலும் இருக்கிறது. போர்ட் பிளேர் விமான நிலையம் 11.64 பாகையிலும் 92.73 பாகையிலும் இருக்கிறது. கிழக்கு மேற்காக 12.56 பாகை, வடக்கு தெற்காக 1.35 பாகை வித்தியாசம். நிலநடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கரேகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். வடக்கே போகப்போக அது சுருங்கிக்கொண்டே வந்து, நம் அட்சரேகையில் ஏறத்தாழ 108.8 கிலோமீட்டராக இருக்கும். ஆகவே கிழக்கு நோக்கி 1,366 கிலோமீட்டர், தெற்கு நோக்கி 149 கிலோமீட்டர். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1,374 கிலோமீட்டர் வருகிறது. பூமியின் உருண்டை வடிவத்தைக் கணக்கில் கொள்ளும் முறையான சூத்திரத்தில் போட்டாலும் இரண்டொரு கிலோமீட்டர்தான் வேறுபடும். விமானத் துறையினரும் கப்பல்காரர்களும் புழங்கும் அளவில் இது சுமார் 742 நாட்டிக்கல் மைல். ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கிலோமீட்டர். காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர்களிடம் கிலோமீட்டரில் தூரம் சொன்னால் அவர்கள் மனத்துக்குள் மைலாக மாற்றிக்கொண்டுதான் பதில் சொல்வார்கள். எங்கள் பகுதியில் பாதிப் பேருக்குக் கடலில் தூரம் என்றால் நாட்டிக்கல் மைல்தான்.

இந்தத் தட்டையான கணக்கு சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் பொருந்துவதற்குக் காரணம், இரண்டும் நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், பெரிய தொலைவில்லாமல் இருப்பதுதான். சென்னையிலிருந்து லண்டனுக்கு இப்படிக் கணக்கிட்டால் தவறாகிவிடும். அங்கே உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தாற்போல் அளக்க வேண்டும். அந்தக் கோடு சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தில் வடக்கே வளைந்து தெரியும்.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தமானைப் பற்றிய பயணக் குறிப்புகள் பலவற்றில், சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல் வழியாக 1,190 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி அது நிலைத்துவிட்டது. சென்னைத் துறைமுகத்திலிருந்து நேர்கோடு இழுத்தாலே ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் வருகிறது. நேர்கோட்டை விடக் குறுகிய வழி கடலிலும் இல்லை, வானத்திலும் இல்லை. அது நாட்டிக்கல் மைலாக இருக்குமோ என்று பார்த்தால் 2,204 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது, அதுவும் பொருந்தவில்லை. போதாக்குறைக்கு, போர்ட் பிளேர் துறைமுகம் தெற்கு அந்தமானின் கிழக்குக் கரையில் இருக்கிறது. சென்னையிலிருந்து போகும் கப்பல் மேற்குக் கரையைக் கண்டதும் நின்றுவிட முடியாது. தெற்கே இறங்கி, டங்கன் நீரிணை வழியாகத் தீவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எனவே கப்பலின் வழி 1,360-ஐயும் தாண்டித்தான் இருக்கும். "அந்தமான் தெரிய ஆரம்பிச்சும் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் இறக்கிவிட்டாங்க" என்று அம்மா சொல்லி வந்ததன் பொருள், வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இனி நேரத்துக்கு வருவோம். எங்கள் பயணச்சீட்டில் போவதற்கும் வருவதற்கும் 2 மணி 15 நிமிடம் என்றே அச்சாகியிருந்தது. இது பறக்கும் நேரம் அன்று. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, போன ஊரில் ஓரிடத்தில் நின்று சக்கரத்துக்குக் கட்டை போடும் கணம் வரை உள்ள நேரம் அது. விமானத் துறையில் இதை பிளாக் டைம் என்கிறார்கள். பிளாக் என்றால் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் அந்தக் கட்டைதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளிலும் இதையேதான் செய்வார்கள்: வண்டி நின்றதும் கிளீனர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவார், கிளம்பும்போது அதை உருவிக்கொண்டு ஓடிவந்து ஏறுவார். கட்டை எடுத்தது முதல் கட்டை போட்டது வரை என்று சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அந்த 2 மணி 15 நிமிடத்துக்குள் பல துண்டுகள் இருக்கின்றன. மீனம்பாக்கத்தில் காலை நேர நெரிசலில் ஓடுபாதையின் முனை வரை ஊர்ந்து போகவும், முறை வரும்வரை நிற்கவும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிவிடும். தரையை விட்டபின் 35,000 அடிக்கு ஏற இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடந்திருக்கும். இறங்குவதும் அவ்வாறே. ஆயிரம் அடி இறங்க மூன்று நாட்டிக்கல் மைல் தேவை என்பது விமானிகளின் கைக்கணக்கு. 35,000 அடிக்கு 105 மைல், அதாவது இதுவும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். ஆக 1,374 கிலோமீட்டரில் சுமார் 970 கிலோமீட்டர்தான் விமானம் தன் முழு வேகத்தில், சமமான உயரத்தில் போகும் பகுதி. இந்தத் தடத்தில் ஓடும் ஏர்பஸ் 320 வகை விமானம் அந்த உயரத்தில் காற்றுக்குள் மணிக்கு 840 கிலோமீட்டர் அளவுக்குப் போகும். 970-ஐ 840-ஆல் வகுத்தால் 69 நிமிடம்.

காற்றுக்குள் என்று சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. விமானத்தின் வேகம் காற்றைப் பொறுத்தது. தரையைப் பொறுத்தது அன்று. ஆற்றில் துடுப்பு போடுகிறவர் எவ்வளவு வலித்தாலும், நீரோட்டம் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துத்தானே கரையில் நிற்கும் மரம் அவரைக் கடந்து போகும்? ஜூலை மாதத்தில், நாங்கள் போன உயரத்தில், காற்று கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசியதாக வைத்துக்கொள்வோம். போர்ட் பிளேருக்குப் போகும்போது அது எதிர்க்காற்று. தரையைப் பொறுத்த வேகம் 780 ஆகக் குறைந்து, அந்த 970 கிலோமீட்டரைக் கடக்க 75 நிமிடம் ஆகும். திரும்பும்போது அதுவே பின்காற்று; வேகம் 900 ஆகி, 65 நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த ஒன்றிலேயே பத்து நிமிடம் வந்துவிட்டது.

இங்கே ஒரு சந்தேகம் எழும், எனக்கும் எழுந்தது. கிழக்கே பறந்தால் சீக்கிரம், மேற்கே பறந்தால் தாமதம் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? வட இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது பெரும்பாலும் சரி. அந்த அட்சரேகைகளுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் வலுவான மேலடுக்குக் காற்றோட்டம் இருக்கிறது. குளிர்காலத்தில் டெல்லியிலிருந்து கொல்கத்தாவுக்குப் போகிறவர்கள் அதன் பலனை நேரடியாக அனுபவிப்பார்கள். ஆனால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே நடப்பது நேர் எதிரானது. கோடையில் திபெத்துப் பீடபூமி சூடேறி, அதன் மேலே வளிமண்டலத்தின் உயர்ந்த அடுக்கில் ஒரு பெரிய உயர் அழுத்தப் பகுதி உருவாகிறது. அதன் தெற்கு ஓரமாக, சரியாக நம் சென்னையின் அட்சரேகையை ஒட்டி, கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு காற்றாறு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓடுகிறது. இதை வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்றோட்டம் என்பார்கள். இதைக் குறித்து விரிவாக எழுதி உலகுக்குக் காட்டியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம், அவருடைய கட்டுரை 1958-இல் வெளிவந்தது. இதன் நடுப்பகுதி 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், 10.7 கிலோமீட்டரில் பறக்கும் பயணிகள் விமானம் அதன் முழு வேகத்தைச் சந்திப்பதில்லை. அடி ஓரத்தைத்தான் தொடுகிறது. பத்து நிமிடத்துக்கு அதுவே போதும்.

மீனம்பாக்கத்தில் வானிலைத் துறையினர் நாள்தோறும் காலையும் மாலையும் கருவி கட்டிய பலூனை மேலே விடுகிறார்கள். ஜூலை மாதத்தில் அந்த பலூன் கிளம்பியதும் முதலில் கிழக்கே கடலை நோக்கி நகரும். மேலே போகப்போகத் தயங்கி, பிறகு திரும்பி மேற்கே போகத் தொடங்கும். நம் மொழியில் இதைச் சொல்வதற்கு எவ்வளவு அழகான வாய்ப்பு இருக்கிறது என்று எண்ணி எண்ணி மகிழ்ந்திருக்கிறேன். கீழ் என்றால் கிழக்கும்தான், அடியும்தான். மேல் என்றால் மேற்கும்தான், உச்சியும்தான். ஆடி மாதத்துச் சென்னையில், கீழே வீசுவது மேல்காற்று, மேலே வீசுவது கீழ்க்காற்று.

அந்தக் கீழே வீசும் மேல்காற்றுக்கும் எங்கள் 14 நிமிடத்தில் பங்கு உண்டு. விமானம் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும், எதிர்த்தே இறங்கும்; அப்போதுதான் குறைந்த ஓட்டத்தில் இறக்கைக்குத் தேவையான தூக்குவிசை கிடைக்கும். பட்டம் விடுகிற சிறுவர்களுக்குக்கூட இது தெரியும். சென்னையின் முதன்மை ஓடுபாதையின் ஒரு முனைக்கு 07 என்றும் மறுமுனைக்கு 25 என்றும் பெயர். 07 என்றால் திசைகாட்டியில் 70 பாகை, அதாவது கிழக்கு வடகிழக்கு நோக்கிய ஓட்டம். 25 என்றால் 250 பாகை, மேற்கு தென்மேற்கு. ஜூலைக் காலையில் மேல்காற்று வீசும்போது 25-ஐத்தான் பயன்படுத்துவார்கள். நாங்கள் கிழக்கே 1,374 கிலோமீட்டர் போக வேண்டியவர்கள். ஆனால் விமானம் மேற்கு முகமாக எழுந்து, பொழிச்சலூர், பம்மல் பக்கமாக உயர்ந்து, பிறகு ஒரு பெரிய அரைவட்டம் அடித்துத்தான் கடலை நோக்கித் திரும்பியது. சன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா, "கடலு அந்தப் பக்கம் இல்ல இருக்குது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விமானம் சாய்ந்து திரும்பி, இறக்கைக்குக் கீழே கடற்கரைக் கோடு தெரிந்த பிறகுதான் பிடி தளர்ந்தது.

திரும்பி வந்தபோது அதே 25-ஆம் ஓடுபாதை எங்களுக்கு நேர்வழியாக அமைந்தது. நாங்கள் வருவதும் கிழக்கிலிருந்து, இறங்க வேண்டியதும் மேற்கு முகமாக. கடலிலிருந்து நேராக வந்து, சாந்தோம், மயிலாப்பூர் பக்கமாகக் கரையைக் கடந்து, சுற்றாமல் வளைக்காமல் இறங்கிவிட்டோம். காலை பத்தரைக்குள் வந்ததும் நல்லதாயிற்று. பிற்பகலில் கடற்காற்று ஏறிவிட்டால் காற்றின் திசை மாறி, மறுமுனையிலிருந்து இறங்க வேண்டி வரலாம். அப்போது கிழக்கிலிருந்து வரும் விமானம் நிலையத்தைத் தாண்டி மேற்கே போய்த் திரும்பி வர வேண்டும். ஆக மேலே பத்து நிமிடம், கீழே நாலு நிமிடம் என்று கொண்டால், அம்மாவின் கடிகாரம் காட்டிய 14 ஏறத்தாழ நேர்ப்பட்டுவிடுகிறது.

ஆனால் பயணச்சீட்டை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த 14 முழுமையாகத் தெரியாது. நாங்கள் 10.22க்கே தரையைத் தொட்டும், விமானத்தை நிறுத்த இடம் காலியாகாததால் நடுவழியில் நின்றுகொண்டிருந்தோம். கட்டை போட்டபோது 10.38. சன்னல் வழியே நிலையத்தின் கட்டடம் தெரிகிறது, இறங்க முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. வானத்தில் மிச்சம் பிடித்த நேரத்தைத் தரையில் செலவழித்தாயிற்று. போகும்போது கட்டை முதல் கட்டை வரை 2 மணி 20 நிமிடம்; வரும்போது 2 மணி 10 நிமிடம். இரண்டுக்கும் நடுவே சீட்டில் அச்சிட்ட 2 மணி 15. அதைப் பார்த்தபோதுதான், நிறுவனங்கள் இந்த எண்ணை எவ்வளவு யோசித்துப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வேறொரு காரணம் சொன்னார். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுவதால், மேற்கே பறந்து வரும்போது சென்னை நம்மை நோக்கி வருகிறது, அதனால்தான் சீக்கிரம் வந்தீர்கள் என்றார். இதைப் பலரும் நம்புகிறார்கள், ஆனால் இது சரியன்று. நம் அட்சரேகையில் பூமி மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் சுழல்கிறது. அது விமானத்துக்குப் பொருட்டாக இருந்தால், 840 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போகும் விமானம் போர்ட் பிளேரை எக்காலத்திலும் எட்டவே முடியாது. காற்றும் கடலும் நாமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறோம். ஓடுகிற மெட்ரோ ரயிலுக்குள் குழந்தை குதித்தால், குதித்த இடத்திலேயேதான் வந்து நிற்கிறது. பின்பக்கச் சுவரில் போய் மோதுவதில்லை. சுழற்சி செய்யும் வேலையெல்லாம், ஓடுகிற காற்றின் போக்கைத் திருப்பிவிடுவதுதான்; நம்மை நேராக முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளுவதில்லை.

சூரியனைப் பொறுத்தவரை பெரியவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே 12.56 பாகை, பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 50 நிமிடம். இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒன்றுதான், இந்திய நேரம்தான். ஆனால் அங்கே சூரியன் ஏறத்தாழ 50 நிமிடம் முந்தி உதித்து, முந்தி மறைந்துவிடும். அக்கா வீட்டில் அம்மா முதல் நாள் விடிந்து வெகுநேரமாகிவிட்டது என்று பதறி எழுந்து, கையை மலர்த்திப் பார்த்தால் மணி ஐந்தரைகூட ஆகவில்லை. விமான நேரத்தைக் கணக்கிடுகிறவர்கள் இந்த 50 நிமிடத்தைக் கூட்டவோ கழிக்கவோ கூடாது. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகும்போதுதான் கடிகார வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தத் தடத்துக்கே உரிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர்ட் பிளேரில் மழையோ மேகமோ மறைத்து இறங்க முடியாமல் போனால், பக்கத்தில் ஒதுங்க இந்திய நகரம் எதுவும் இல்லை. தாய்லாந்தின் பூக்கெட் அங்கிருந்து 725 கிலோமீட்டர்தான். சென்னைக்கு உள்ள தூரத்தில் ஏறத்தாழ பாதி. ஆனாலும் நம் விமானங்கள் பெரும்பாலும் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோதான் திரும்புகின்றன. அதற்கான எரிபொருளையும் சுமந்துகொண்டேதான் கிளம்புகின்றன. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இப்படிப் போர்ட் பிளேருக்கு மேலே வட்டமடித்துவிட்டு, நான்கு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே இருந்து, மீண்டும் மீனம்பாக்கத்திலேயே இறங்கியிருக்கிறது. மழைக்காலத்தில் வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள், மாத்திரையையும் ஒரு வேளை உணவையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சரக்குப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

வடசென்னைக்காரர்களுக்கு மேலும் ஒரு கணக்கு இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து மீனம்பாக்கம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை வந்தபின், பகல் நேர விமானங்களுக்கு எங்களுக்குப் பெரிய விடுதலை கிடைத்தது. எங்கள் நிலையத்தில் ஏறினால் மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். ஆனால் முதல் ரயில் காலை ஐந்து மணிக்குத்தான். 7.05 விமானத்துக்குப் பெட்டி போடும் கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்னதாக, 6.05க்கே மூடிவிடுவார்கள். ஐந்து மணி ரயிலை நம்பிப் பெட்டியோடும் அம்மாவோடும் ஓட முடியாது என்பதால், நாங்கள் நான்கு மணிக்கே கார் வைத்துக்கொண்டு கிளம்பினோம். ஜங்லிகாட்டில் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது 10.20. வாசலிலிருந்து வாசலுக்கு 6 மணி 20 நிமிடம்; அதில் பறந்தது 2 மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. 840 கிலோமீட்டர் வேகமுள்ள விமானத்தில் போன எங்கள் சராசரி வேகம், வாசல் கணக்கில் மணிக்கு 220 கிலோமீட்டர்தான். கப்பலுக்கோ வீட்டிலிருந்து துறைமுகம் கால் மணி நேரம். ஆனால் அதன்பின் இரண்டரை நாள்.

ஆகவே இந்தத் தடத்தில் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: ஜூன் முதல் செப்டம்பர் வரை போகும்போது சற்றுக் கூடுதலாகவும் வரும்போது சற்றுக் குறைவாகவும் ஆகும். அக்கா வீட்டார் அழைக்க வருவதானால் சீட்டில் உள்ள நேரத்துக்கே வரச் சொல்லுங்கள். செல்பேசி காட்டும் பறக்கும் நேரத்தை வைத்து முன்னதாக வரச் சொல்லி வெயிலில் நிற்க வைக்காதீர்கள். திரும்பும்போது மெட்ரோவில் வருவதாக இருந்தால், இறங்கிய நேரத்தோடு பெட்டி வர இருபது நிமிடமாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் பொறுமையாக விளக்கினேன். சமையலறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, மேலே ஒரு காற்று, கீழே ஒரு காற்று என்று அம்பு வரைந்து காட்டினேன். காற்றைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆடியில் பகலெல்லாம் மேல்காற்று புழுதியை வாரி இறைப்பதும், மேகம் அதற்கு எதிராக நகர்வதும் மொட்டை மாடியில் வற்றல் காயவைக்கும்போது பார்த்ததுதான் என்றார். நான் பலூனைப் பற்றிச் சொல்ல வந்ததை அவர் மேகத்தை வைத்தே முடித்துவிட்டார்.

அக்காவின் பெண்ணுக்கு டிசம்பரில் சடங்கு வைத்திருக்கிறார்கள். அப்போது மேலே அந்தக் கிழக்குக் காற்றாறு இருக்காது. நம் அட்சரேகையில் மேலடுக்குக் காற்று மெலிந்து, திசையும் நிலைக்காமல் இருக்கும். கீழேயோ வடகிழக்குப் பருவக்காற்று வீசும் என்பதால் ஓடுபாதை 07 ஆகிவிடும். விமானம் எழுந்த கையோடு நேராகக் கடலைப் பார்க்கப் போகும், திரும்பும்போதுதான் நிலையத்தைத் தாண்டிச் சுற்றி வர வேண்டும். அப்படியானால் இரண்டு நேரங்களும் ஏறத்தாழ சமமாகிவிட வேண்டும், வரும்போது நாலைந்து நிமிடம் கூடினாலும் கூடலாம் என்று சொல்லியிருக்கிறேன். கடிகாரப் பட்டையில் இன்னொரு துளை போட்டுக்கொண்டு வரச் சொல்லி அம்மா அதை என்னிடம் கொடுத்திருக்கிறார், எம்.சி. ரோடு பக்கம் போகும்போது போட்டுக்கொண்டு வர வேண்டும்.